மகள் வீடும் மகன் வீடும்

மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் வயதான ஒரு தாயைப் பற்றி விசாரித்தால், "பெரியவன் வீட்டுல இருக்காங்க" என்றோ "சின்னவன் பாத்துக்கிறான்" என்றோ பதில் வரும். யாழ்ப்பாணத்தில் அதே கேள்விக்கு "கடைசி மகளோட இருக்கிறா" என்பதே பெரும்பாலும் பதில். பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பது பிள்ளையின் கடமை என்பதில் இரு கரைக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எந்தப் பிள்ளை, யாருடைய வீட்டில், எப்போதிலிருந்து என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. கையும் காலும் தளர்ந்த ஒருவரின் கடைசி ஆண்டுகள் கௌரவமாகக் கழியுமா என்பது பெருமளவு இந்தக் கேள்விகளுக்கான விடையில்தான் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு; இந்தியா முழுமைக்கும் அது 8.6. இலங்கையின் 2012 கணக்கெடுப்பில் 12.4. அதற்குப் பிறகு இரண்டு இடங்களிலும் முதியோர் பங்கு கூடிக்கொண்டே போகிறது, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஐந்தாறு பிள்ளைகள் இருந்த காலத்தில் உண்டான ஏற்பாடு, ஒன்றிரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளின் தலையில் இப்போது விழுந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் பெற்றோரின் முதுமை மகன் வீட்டில் கழிய வேண்டும் என்பது ஊர் வழக்கம். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது மானக்கேடு என்று நினைக்கும் தகப்பன்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் எப்போதோ இதைத் தாண்டிவிட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் மகன், மகள் இருவர் மீதும் இந்தப் பொறுப்பை வைத்தது. திருமணமான மகளும் பெற்றோருக்கு ஜீவனாம்சம் தரக் கடமைப்பட்டவளே என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்னது. 1989இல் தமிழ்நாடு தன் திருத்தச் சட்டத்தால் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. ஆனாலும் பல வீடுகளில் மகள் அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறாள். "அம்மா அப்பாவை அவன்தானே பார்க்கப் போகிறான்" என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். சொத்தும் பொறுப்பும் சேர்ந்தே ஆண்பிள்ளையிடம் போகின்றன.

மகன்கள் பலர் இருந்தால் முறை வைக்கிறார்கள். மாதம் ஒரு வீடு. ஒன்றாம் தேதி காலையில் அந்தத் தாய் தன் துணிப்பையை எடுத்துக்கொள்கிறாள். இரண்டு சேலை, ஒரு போர்வை, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுவைத்த டப்பா, மூக்குக் கண்ணாடி, தண்ணீர் குடிக்கும் சொம்பு. தெருக்கோடியில் இருக்கும் அடுத்த மகன் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறாள். முப்பத்தோராம் தேதி யார் கணக்கு என்ற பேச்சு அவள் காதுபடவே நடக்கிறது. சில வீடுகளில் அப்பா ஒரு மகனிடம், அம்மா ஒரு மகனிடம் என்று நாற்பது ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களையே பங்கு பிரிக்கிறார்கள். யாரும் பட்டினி போடவில்லை, யாரும் கைவிடவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் அவளுக்கென்று ஒரு கட்டில் போடும் இடம் நிரந்தரமாக இல்லை. சோறு கிடைத்தது, இடம் போய்விட்டது.

யாழ்ப்பாணத்து வழக்கம் வேறு. அங்கே சொத்துரிமை தேசவழமை என்ற மரபுச் சட்டத்தோடு பிணைந்தது. டச்சுக்காரர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் அந்த வழக்காறுகளைத் தொகுத்தார். அதன்படி மகளுக்குத் திருமணத்தின்போதே சீதனம் கொடுக்கப்படுகிறது. பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை மகன்கள் எதையும் கேட்க முடியாது. சீதனத்தில் வீடு முக்கியமானது. வீடு மகள் பெயருக்குப் போகும், மருமகன் அந்த வீட்டுக்கு வருவார், பெற்றோர் பல குடும்பங்களில் அங்கேயே தொடர்ந்து இருப்பார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தாய்வழி மரபு இன்னும் அழுத்தமானது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். மகளுக்குக் கலியாணமானதும் பெரிய வீட்டை அவளுக்கு விட்டுவிட்டுப் பெற்றோர் அதே வளவிலோ பக்கத்திலோ வேறொரு வீட்டுக்கு மாறுவார்கள். அந்தப் பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு.

தாய்க்கு இதனால் கிடைப்பது கொஞ்சமல்ல. அவள் புழங்கிய குசினி, அவள் தண்ணீர் அள்ளிய கிணறு, அவள் நட்ட முருங்கை, நடந்து போகும் தூரத்தில் கோயில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. படுக்கையில் விழுந்தால் உடம்பு கழுவி விடுவது பெற்ற மகளின் கை. இடம் மாறாமல் முதுமையடைவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது முறைவீட்டுத் தாய்க்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது. ஐம்பது சொச்சம் வயதில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே பெற்றோர் வீட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தான் கட்டிய வீட்டில் மருமகனின் முகம் பார்த்து நடக்கும் தகப்பன் அங்கே உண்டு. பராமரிப்பின் முழுப் பாரமும் ஒரு மகளின் தோளில் இறங்குகிறது. சகோதரர்கள் காசு தருவார்கள், இறந்த பின் கொள்ளி வைக்க வருவார்கள். இரவு மூன்று மணிக்கு எழுந்து தாயைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது அவள் மட்டும்தான். தமிழ்நாட்டில் இதே வேலையை மருமகள் செய்கிறாள். கடமை மகனுடையது என்று சொல்லிக்கொள்கிறோம். உழைப்பு இரு கரையிலும் பெண்ணுடையது.

முதியோருக்கென்றே தனிச் சட்டம் இயற்றுவதில் இலங்கை முந்திக்கொண்டது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று புறக்கணிக்கக் கூடாது என்றும் அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றும் எழுதிவைத்தது. பராமரிப்புப் பணத்தை நிர்ணயிக்க ஒரு சபையையும் அது ஏற்படுத்தியது. பிள்ளைகள் இல்லாத ஆதரவற்ற முதியோரின் பொறுப்பை அரசின் மேல் வைத்தது அதன் சிறப்பு. இந்தியாவின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல்தான் வந்தது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரே தீர்ப்பாயத்தின் தலைவர். வழக்கறிஞர் இல்லாமல் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். அழைப்பாணை போய்ச் சேர்ந்த 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க உத்தரவிடலாம். கோட்டாட்சியர் அலுவலகம் பஸ் ஏறிப் போய் வரும் தூரத்தில் இருப்பது ஒரு முதியவருக்குப் பெரிய வசதி.

எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் இரு நாடுகளிலும் வழி உண்டு. இந்தியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு பெற்ற சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது செல்லாததாக்க இடம் தருகிறது. அந்த நிபந்தனை இருந்ததை நிரூபித்தாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. முதியோருக்குச் சாதகமாகவே இந்தச் சட்டத்தைப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு சொன்னது. இலங்கையில் பெரும் நன்றிகேட்டைக் காரணம் காட்டி நன்கொடை உறுதியை (தானப் பத்திரத்தை) ரத்துச் செய்வதற்கு 2017இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் பெற்ற பிள்ளை மேல் வழக்குப் போட எத்தனை தாய்க்கு மனம் வரும்? விவரம் தெரிந்த இலங்கைப் பெற்றோர் நொத்தாரிசிடம் உறுதி எழுதும்போதே தங்களுக்குச் சீவிய உருத்து வைத்துக்கொள்கிறார்கள். வீடு மகளுக்கு, குடியிருக்கும் உரிமை சாகும்வரை தங்களுக்கு. தமிழ்நாட்டிலும் தான செட்டில்மெண்ட் எழுதும்போது ஆயுட்கால அனுபவ உரிமையைப் பத்திரத்தில் சேர்க்கலாம். பாசத்தில் அதை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு கோட்டாட்சியர் அலுவலக வாசலில் உட்காருகிறார்கள்.

இரண்டு வழக்கங்களையும் ஒருசேர ஆட்டம் காணவைத்தது பிள்ளைகளின் தூரம். யாழ்ப்பாணப் பத்திரிகையில் மரண அறிவித்தல்களைப் படித்தால் இது கண்ணில் அறையும். இறந்தவரின் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று நாடுகள் வரிசையாக நிற்கும். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைக்க ஓடியவர்கள் அவர்கள். சீதன வீடு இருக்கிறது, அதில் இருக்க வேண்டிய மகள் டொரண்டோவில். சம்பளத்துக்கு அமர்த்திய ஒரு பெண் தாயைப் பார்த்துக்கொள்கிறாள். விசா கிடைக்காத மகன் இறுதிக் கிரியையை வீடியோவில் பார்க்கிறான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் பெரும்பாலும் விரும்பிப் போனவர்கள். அங்கே பழைய முறை புது வடிவம் எடுத்திருக்கிறது: ஆறு மாதம் அமெரிக்காவில் மகனிடம், ஆறு மாதம் சென்னையில் மகளிடம்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி, போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் அமர்ந்த பெற்றோர். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். கடமையைக் கேட்கப் பிள்ளையே இல்லாத அவர்களுக்கு, 2000ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களித்தபடி அரசு பிள்ளையாக நின்றிருக்க வேண்டும்.

இவ்வளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: இரு சமூகங்களும் பெற்றோருக்குச் சோறும் கூரையும் காசும் தருவதைக் கடமை என்று வைத்துக்கொண்டன, அவர்களுடைய சொல் செல்லும்படி பார்த்துக்கொள்வதைக் கடமைக் கணக்கில் சேர்க்கவில்லை. தாய் குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் போதும். அடுப்புப் பக்கம் போகாதே, பஸ்ஸில் போகாதே, சாவியைக் கொடு, ஏடிஎம் கார்டைக் கொடு. எல்லாம் அன்பினால்தான். ஆனால் உடம்பு இழந்ததைவிட அதிகமாக வீடு அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கனடாவிலிருந்து மாதாமாதம் காசு வந்தும், கோயில் தட்டில் போட இருபது ரூபாய் கேட்டு வாங்கும் நிலையில் யாழ்ப்பாணத்துத் தாய் இருக்கலாம். முதியோர் உதவித்தொகை வந்தும், பேரனுக்கு முறுக்கு வாங்க மருமகளைக் கேட்கும் நிலையில் மதுரைத் தாய் இருக்கலாம்.

ஒரு கரையிடமிருந்து மற்றது கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மகள் வீட்டில் இருப்பது இழுக்கல்ல என்பதையும், முதியவரை வீடு வீடாக நகர்த்தாமல் இருந்த இடத்திலேயே வைத்துப் பார்க்கலாம் என்பதையும் தமிழ்நாடு இலங்கையைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. பிள்ளைகள் கடல் கடந்துபோன வடக்குக்கும் கிழக்குக்கும் அப்படி ஒன்று அவசரமாகத் தேவை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை இதைவிட எளியவை. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி வையுங்கள், அவர் தானாகவே போய் வருவார். பாஸ்புக் அவர் கையில் இருக்கட்டும். சொத்து எழுதும்போது ஆயுள் உரிமையை வற்புறுத்த வேண்டியது வாங்கும் பிள்ளை. கூட இருந்து பார்க்கும் மகளுக்கோ மருமகளுக்கோ ஆண்டில் சில வாரமாவது ஓய்வு கிடைக்கும்படி மற்றப் பிள்ளைகள் வந்து பொறுப்பேற்க வேண்டும். பணம் அனுப்பியதோடு அவர்கள் பங்கு தீர்ந்துவிடாது. எங்கே இருக்க விரும்புகிறீர்கள், படுக்கையில் விழுந்தால் யார் பார்க்க வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பெற்றவர்கள் தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். கேட்டபின் அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். பிள்ளைக் கடமையில் இதுதான் முதல் பாதி. சோறும் மருந்தும் அதற்கு அடுத்தவை.