ஆங்கில எதிர்காலமும் ஆசிரியருக்கான இலக்கணமும்

1985ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கண நூல்கள் இரண்டு வெளிவந்தன. ரேமண்ட் மர்பியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' மாணவருக்குரியது. இடப்பக்கம் விளக்கமும் வலப்பக்கம் பயிற்சியுமாக அமைந்தது. குவெர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் இயற்றிய பேரிலக்கணம் அறிஞருக்குரியது. 1,700 பக்கங்களைக் கடந்தது. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியருக்கு முன்னது போதாது. பின்னதைப் படித்து முடிக்க அவருக்குப் பொழுதும் இல்லை.

எதிர்காலம் பற்றிய பாடத்தில் இக்குறை வெளிப்படையாகத் தெரிகிறது. வகுப்பறை வழக்கு 'வில்' என்பதை எதிர்காலக் குறியாகக் கொள்கிறது. பேரிலக்கணமோ வினைத்திரிபின் அடிப்படையில் நிகழ்காலம், இறந்தகாலம் என இரு காலங்களையே ஏற்கிறது. 'வருவான்' என்பதில் வகர இடைநிலை எதிர்காலம் காட்டுவதுபோல் ஆங்கில வினைக்குள் காலம் காட்டும் எதிர்கால உறுப்பு இல்லை. 'வில்' துணைவினை மட்டுமே. கதவு தட்டப்படும் ஓசை கேட்டு 'தட் வில் பி த போஸ்ட்மேன்' என்பவர் கூறுவது வருங்காலச் செய்தியன்று, அப்போதைய ஊகம். ('தபால்காரராக இருக்கும்' என்னும் தமிழ் வழக்கும் இத்தகையதே. இவ்வொப்புமையைத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து பேசுவது அரிது.) மறுதலையாக, 'த டிரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' என்பதில் நாளைய நிகழ்வு 'வில்' இன்றியே சொல்லப்படுகிறது.

மர்பி இவ்வடிவங்களைத் தனித்தனி அலகுகளில் பிரித்துத் தருகிறார். மாணவருக்கு அப்பகுப்பே போதும். அதன் காரணத்தை அறியாத ஆசிரியரோ, 'டுமாரோ' இருந்தும் 'வில்' இல்லை என்று மாணவரின் சரியான தொடரைச் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார்.