அடுப்புப் புகையும் நமது இலக்கியமும்

குறுந்தொகையின் 167ஆம் பாடலை இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாகக் காட்டாத தமிழாசிரியர் அரியர். கூடலூர் கிழார் பாடிய அப்பாட்டில் புதுமணப் பெண் தயிர்க் குழம்பு சமைக்கிறாள். தாளிப்பின் புகை அவள் மையுண்ட கண்களைத் தாக்குகிறது. கணவன் சுவைத்துண்ண, அவள் முகம் நுண்ணிதாய் மலர்கிறது. உரைகாரர் அம்மலர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றனர். அக்கண்கள் பின்னர் என்னவாயின? புலவரை நாம் குறைகூறவில்லை. அவர் புகையைக் கண்டார், எழுதினார். காணாது போனவர்கள் பின்வந்த நாமே.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். 1987இலும் 1991இலும் அவ்வட்டாரத்தில் நிகழ்ந்த படுகொலைகள் எழுதப்பட்டுள்ளன. இன்னும் எழுதப்பட வேண்டியவை. ஆயினும் போரை எழுதிய பேனா குசினிக்குள் நுழைந்தது குறைவு. நுழைந்தபோதும் குப்பி விளக்கில் படித்து உத்தியோகம் பெற்றவரின் பெருமைக் கதையாகவே அது முடிந்தது. படிக்கவியலாது போன தங்கையின் கதை எங்கே? கண்ணாடிப் போத்தலில் திரியிட்ட அவ்விளக்கு எளிதில் சரிவது. அதனால் தீக்காயம் பட்டு வந்தோருக்குச் சிகிச்சையளித்த சத்திர வைத்தியர் விஜய கொடகும்புர, சரியாத குட்டை விளக்கொன்றை வடிவமைத்து, அதற்கென 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். நமது கதாசிரியர்கள் ‘மங்கிய ஒளி’ என்று வருணித்த பொருளில் ஒரு வைத்தியர் வெந்த சதையைக் கண்டார்.

இது பழங்கதையுமன்று. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மாதம் முப்பது அலகுக்கும் குறைவாகச் செலவிடும் ஏழைவீட்டின் மின்கட்டணமோ மூன்று மடங்குக்கும் மேலாயிற்று. எரிவாயுவை விட்டு விறகுக்குத் திரும்பிய வீடுகள் பல.

வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நுரையீரல் அடைப்பு, குழந்தைகளின் நிமோனியா, கண்புரை ஆகியன அப்புகை விளைக்கும் நோய்கள். மண்ணெண்ணெயையும் வீட்டுப் பாவனைக்கு ஏற்றதன்று என அந்நிறுவனம் 2014இலேயே விலக்கியது. உடலின் கேட்டை இவ்வாறு எண்ணிக் காட்டலாம். மனத்தின் தேய்வை யார் எண்ணுவது? கச்சான் காற்று வீசும் மாதங்களில் விசிறி சுழலாத அறையில் உறக்கமில்லை. யானை புகும் ஊர்களில் இருட்டு என்பது கவிதைப் பொருளன்று; முற்றத்தில் ஓலை அசைந்தால் தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். திரியைச் சற்றுத் தாழ்த்தினால் நாளைக்கும் எண்ணெய் மிஞ்சுமா என்பதே அவளது இரவுக் கணக்கு. இக்கணக்கு எந்த வைத்தியசாலைச் சீட்டிலும் ஏறுவதில்லை. ஏறவேண்டிய இடம் சிறுகதை.

நெருக்கடியைப் பற்றி நாம் படித்த கதைகளிலெல்லாம் எரிபொருள் வரிசை உண்டு. ஆண்கள் நிற்கிறார்கள், அரசைத் திட்டுகிறார்கள். தவறில்லை. ஆனால் வரிசையிலிருந்து போத்தல் வீடு சேர்ந்த மறுகணமே கதை முடிந்துவிடுகிறது. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தம் வீட்டின் எரியாத அடுப்பைக் காட்டினார். அதில் காளான் முளைத்திருந்தது. குமணன் முன் நின்று சொன்னபோதும் அதனை அவர் மறைக்கவில்லை.