விஞ்ஞானம் யாருடைய உடைமை? மராகா வானியல் மரபும் தோமஸ் கூனின் கோட்பாடும்

சில மாதங்களுக்கு முன்னர், இஸ்லாமிய நாகரிக வரலாறு பற்றிய பாடவேளையொன்றில் மாணவர் ஒருவர் எழுந்து, "கொபர்நிக்கஸ் எங்களிடமிருந்து திருடியவர்தானே, உஸ்தாத்?" என வினவினார். வகுப்பில் பலர் ஆமோதித்துத் தலையசைத்தனர். அவ்வினாவுக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை கூற என்னால் இயலவில்லை. வினாவில் இடம்பெற்றிருந்த 'எங்களிடமிருந்து', 'திருடியவர்' என்னும் இரு சொற்களும் விஞ்ஞானத்தின் இயல்பு பற்றிய ஒரு பிழையான கருத்தின் மீது எழுந்து நிற்பவை என்பதே அதற்குக் காரணமாகும். அக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விஞ்ஞான அறிவு எவ்வாறு வளர்கின்றது என்பது பற்றி நீண்ட காலமாக நிலவிவந்த எண்ணம் எளிமையானது. மேதை ஒருவர் தோன்றுகின்றார், உண்மையொன்றைக் கண்டுபிடிக்கின்றார், அடுத்த மேதை அதன் மீது மற்றொரு கல்லை அடுக்குகின்றார். ஐரோப்பியர் தமது வரலாற்றை இவ்வாறே எழுதினர். நாமும் அதே அச்சில் எமது பட்டியல்களை வார்த்தெடுத்தோம். 'முதன்முதலில் கண்டுபிடித்த முஸ்லிம்' என்ற தலைப்பின் கீழ் எழுதப்படும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. எதிராளியின் அளவுகோலையே கையிலெடுத்துக்கொண்டு அளப்பவர் அவரை விஞ்சியதாகக் கொள்ள முடியாது.

கூனின் பங்களிப்பு

இவ்வெண்ணத்தை அசைத்த நூல்களுள் தோமஸ் கூன் 1962இல் வெளியிட்ட 'விஞ்ஞானப் புரட்சிகளின் கட்டமைப்பு' முதன்மையானது. பௌதிகவியலாளராகப் பயின்று வரலாற்றாசிரியராக மாறிய அவர், விஞ்ஞானத்தைத் தனிமனிதரின் சாதனையாக அன்றி ஒரு சமூகத்தின் செயற்பாடாக நோக்கினார். விஞ்ஞானிகள் ஒரு பொதுவான முன்மாதிரியை ஏற்றுக்கொண்டு, அதன் எல்லைக்குள் எழும் சிக்கல்களைத் தீர்ப்பதில் ஈடுபடுகின்றனர். இதனை அவர் 'வழமை விஞ்ஞானம்' என்றார். தீராத முரண்பாடுகள் குவியும்போது நெருக்கடி தோன்றுகின்றது. நெருக்கடியின் முடிவில் பழைய முன்மாதிரி வீழ்ந்து புதியது எழுகின்றது. இதுவே புரட்சி. பழையதையும் புதியதையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது என்பது அவரது மற்றொரு முடிவாகும்.

இக்கருத்தும் வெறுமையிலிருந்து பிறந்ததன்று. போலந்து மருத்துவரான லூட்விக் ஃபிளெக், மேகநோய்க்கான இரத்தப் பரிசோதனை எவ்வாறு உருப்பெற்றது என்பதை ஆராய்ந்து, அறிவு என்பது ஒரு 'சிந்தனைக் குழாத்தின்' ஆக்கம் என்பதை 1935இலேயே எழுதியிருந்தார். எவரும் பெரிதாகக் கவனிக்காத அந்நூலுக்குத் தாம் கடன்பட்டிருப்பதைக் கூன் தமது முன்னுரையில் ஒப்புக்கொள்கின்றார். சிந்தனைகள் சமூகத்தின் வழியே கைமாறுகின்றன என்று கூறும் நூலே அவ்வாறு கைமாறிய சிந்தனையொன்றின் விளைவு என்பது கவனத்திற்குரியது.

எனினும், கூனின் கோட்பாட்டுக்கு முதன்மை உதாரணமாக அமைந்த கொபர்நிக்கஸின் வரலாற்றை அறபு மூலங்களின் ஒளியில் வாசிக்கும்போது, அக்கோட்பாட்டில் ஒரு பெரும் இடைவெளி புலப்படுகின்றது. கூன் 1957இல் எழுதிய 'கொபர்நிக்கஸ் புரட்சி' என்னும் நூலில், கிரேக்க விஞ்ஞானத்தைப் பேணிப் பரப்பி ஐரோப்பாவுக்குக் கையளித்ததே முஸ்லிம்களின் முதன்மையான முக்கியத்துவம் என்னும் கருத்தை முன்வைத்திருந்தார். அதே 1957ஆம் ஆண்டில், டமஸ்கஸ் அறிஞர் இப்னுஷ் ஷாதிரின் சந்திரன் பற்றிய கணித அமைப்பு, கொபர்நிக்கஸின் அமைப்போடு ஒன்றாக இருப்பதை விக்டர் ரொபர்ட்ஸ் 'ஐசிஸ்' என்னும் விஞ்ஞான வரலாற்று ஆய்விதழில் வெளியிட்டார். 1957இல் கூன் இதனை அறிந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆயின், 1962இலும், பின்னுரை சேர்த்து 1970இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அவரது சித்திரம் மாறவில்லை. தொலமியிலிருந்து கொபர்நிக்கஸ் வரையிலான நெருக்கடியை அவர் விவரிக்கும்போது மராகாவின் பெயர் அங்கு இல்லை.

மராகாவில் நிகழ்ந்தது என்ன?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தொலமி எழுதிய 'அல்மஜெஸ்தி' பல நூற்றாண்டுகள் வானியலின் அடிப்படை நூலாக விளங்கியது. வானுலகப் பொருட்கள் சீரான வேகத்தில் வட்டமாகச் சுழல்கின்றன என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஆயின், கோள்களின் அசைவைச் சரியாகக் கணிப்பதற்காக, தாங்கு வட்டத்தின் மையத்திலிருந்து விலகிய ஒரு புள்ளியைத் தொலமி கற்பித்தார். அப்புள்ளியிலிருந்து நோக்கினால் மட்டுமே சுழற்சி சீராகத் தோன்றும். அறபு வானியலாளர்கள் 'முஅத்திலுல் மஸீர்' என அழைத்த இப்புள்ளி, கணிப்புக்கு உதவியது, கொள்கையையோ குலைத்தது. ஒரு கோளம் தன் மையத்தின் வழியே செல்லாத அச்சொன்றைப் பற்றி எவ்வாறு சீராகச் சுழல முடியும்?

பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்' என்னும் நூலில் இந்த முரண்பாட்டை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். குறையைச் சுட்டுவது ஒன்று. மாற்று அமைப்பை உருவாக்குவது பிறிதொன்று. அப்பணி ஹிஜ்ரி 657இல் (கி.பி. 1259) நிறுவப்பட்ட மராகா வானாய்வு நிலையத்தோடு இணைந்த அறிஞர்களால் முன்னெடுக்கப்பட்டது. பக்தாத் வீழ்ந்து ஓராண்டே கழிந்திருந்த வேளையில், அந்நகரை அழித்த ஹுலாகுவின் ஆதரவிலேயே அது எழுந்தது.

அங்கு நஸீருத்தீன் அத்தூஸி தனித்து இயங்கவில்லை. கருவிகளை வடிவமைத்த முஅய்யதுத்தீன் அல்உர்ழி டமஸ்கஸிலிருந்து வந்தவர். முஹ்யித்தீன் அல்மஃரிபி மேற்கிலிருந்து வந்தவர். குத்புத்தீன் அஷ்ஷீராஸி தூஸியின் மாணவர். வட்டமொன்றினுள் அதன் அரைவாசி விட்டமுடைய சிறு வட்டம் உருளும்போது, சிறு வட்டத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி நேர்கோட்டில் முன்னும் பின்னும் அசையும் என்பதைத் தூஸி நிறுவினார். வட்ட அசைவுகளிலிருந்தே நேர் அசைவைப் பெறும் இவ்வுத்தி 'தூஸி இணை' என இன்று அழைக்கப்படுகின்றது. உர்ழி மற்றொரு வடிவகணிதத் தேற்றத்தை வழங்கினார். இவ்விரண்டையும் கொண்டு பின்வந்தோர் பல அமைப்புகளை உருவாக்கினர். பதினான்காம் நூற்றாண்டில் டமஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் முவக்கித்தாகப் பணியாற்றிய இப்னுஷ் ஷாதிர், தொலமியின் அந்தப் புள்ளியைத் தமது அமைப்பிலிருந்து முற்றாக நீக்கினார்.

தூஸி இணை, உர்ழியின் தேற்றம், இப்னுஷ் ஷாதிரின் சந்திர அமைப்பு ஆகிய மூன்றும் கொபர்நிக்கஸின் எழுத்துகளில் காணப்படுகின்றன. தூஸி இணையின் வரைபடத்தில் அலிஃப் உள்ள இடத்தில் கொபர்நிக்கஸ் 'ஏ' என்றும், பா உள்ள இடத்தில் 'பி' என்றும் குறித்திருப்பதை வில்லி ஹார்ட்னர் 1973இல் எடுத்துக்காட்டினார். மாறுபட்ட ஓரெழுத்து, 'ஸாய்' இருக்கும் இடத்தில் வரும் 'எஃப்' ஆகும். கையெழுத்தில் 'ஸாய்' 'ஃபா' எனத் தவறாக வாசிக்கப்பட்டிருக்கலாம் என ஜோர்ஜ் ஸலீபா விளக்குகின்றார்.

இவ்விடத்தில் நாம் நேர்மையோடு இரு விடயங்களைக் கூற வேண்டும். முதலாவது, கொபர்நிக்கஸ் எந்தப் பிரதியை எவர் வழியாகக் கண்டார் என்பதற்கு நேரடிச் சான்று இதுவரை கிடைக்கவில்லை. தூஸி இணை இடம்பெறும் கிரேக்கக் கையெழுத்துப்படியொன்று வத்திக்கானில் உள்ளது. அவர் 1501 முதல் 1503 வரை பதுவாவில் பயின்றார். அதே காலப்பகுதியில் இஸ்தான்பூலுக்கும் வெனிஸ் பகுதிக்கும் இடையே யூத அறிஞர்கள் சென்றுவந்துள்ளனர். இவை வாயில்கள் திறந்திருந்தன என்பதை மட்டுமே காட்டுகின்றன. அவர் சுயமாகவே இவற்றைக் கண்டடைந்தார் எனக் கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர். இரண்டாவது, மராகா அறிஞர் எவரும் சூரியனை மையத்தில் வைக்கவில்லை. அத்துணிவு கொபர்நிக்கஸுக்கே உரியது. அல்பத்தானி போன்றோரின் பெயரைத் தமது நூலில் வெளிப்படையாகக் குறிப்பிட்டவரும் அவரே.

கோட்பாடு நிற்கின்றதா?

மேற்கூறியவற்றின் ஒளியில் கூனின் கோட்பாட்டை மீள நோக்குவோம். அவர் விவரிக்கும் நெருக்கடியில், கணிப்புகள் தொடர்ந்து பொய்த்து, திருத்தங்கள் குவிந்து, அமைப்பே அலங்கோலமாகின்றது. மராகாவில் நிகழ்ந்தது வேறு. அங்கு முதன்மை முறைப்பாடு கணிப்பு பிழைத்தது பற்றியதன்று. கணிதம், அது விவரிக்கும் பௌதிக உலகோடு முரண்படக் கூடாது என்பதே கோரிக்கை. ஒரு விஞ்ஞான சமூகம், தோல்வியினால் மட்டுமன்றித் தன் கொள்கை மீது கொண்ட பற்றினாலும் மாற்றத்தை நாடக்கூடும் என்பது இதிலிருந்து தெளிவாகின்றது.

மேலும், இப்னுல் ஹைதமிலிருந்து இப்னுஷ் ஷாதிர் வரை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த விமர்சனம், எந்தப் புரட்சியும் இன்றி அடிப்படையான மாற்றங்களை விளைவித்தது. கூனின் இரு பெட்டிகளான வழமைக்குள்ளும் புரட்சிக்குள்ளும் இது அடங்க மறுக்கின்றது. தொடரின் இறுதிக் கண்ணியை மாத்திரம் காண்பவருக்கு மாற்றம் திடீரெனத் தோன்றும். முழுத் தொடரையும் காண்பவருக்கு அது நெடிய உரையாடலின் ஒரு கட்டமாகத் தெரியும். பூமியை மையமாகக் கொண்டோர் செதுக்கிய கருவிகளே சூரியனை மையமாகக் கொண்டவரின் அமைப்பிலும் பயன்பட்டன எனில், அவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று அளக்க இயலாதவை என்ற கூற்றையும் தளர்த்தியே கொள்ள வேண்டியுள்ளது.

எனினும், கூனின் அடிப்படைப் பார்வை இதனால் வீழ்ந்துவிடவில்லை. விஞ்ஞானம் ஒரு சமூகச் செயற்பாடு என்ற அவரது கூற்றை மராகாவைவிடச் சிறப்பாக மெய்ப்பிக்கும் உதாரணங்கள் அரிது. வக்ஃப் வருமானம், நூலகம், கருவிப் பட்டறை, ஆசிரியர்-மாணவர் தொடர்பு, பள்ளிவாசலின் முவக்கித் பதவி ஆகியன இன்றி இம்மரபு இல்லை.

இவற்றோடு ஷரஹ், ஹாஷியா என்னும் எழுத்து வடிவங்களையும் சேர்க்க வேண்டும். உரைகளும் உரைக்கு உரைகளும் அறிவு வரண்டதன் அடையாளம் என நவீன எழுத்தாளர் பலர் பழித்துள்ளனர். ஆயின் தூஸியின் 'அத்தத்கிரா'வுக்கு எழுதப்பட்ட உரைகளே இம்மரபின் ஆய்வுக்களமாக அமைந்தன. 'தஃரீஃபாத்' ஆசிரியராக எமது மாணவர் அறிந்துள்ள அஷ்ஷரீஃப் அல்ஜுர்ஜானி அதற்கு உரை எழுதியவர்களுள் ஒருவர். கொபர்நிக்கஸின் சமகாலத்தவரான அல்கஃப்ரி, தமது உரையிலேயே புதன் கோளுக்குப் புதிய அமைப்புகளை முன்வைத்தார். அல்பிர்ஜந்தியின் உரையில் ஓர் அத்தியாயம் 1729இல் ஜெய்ப்பூரில், ஜெய்சிங் மன்னரின் அவையில், சமஸ்கிருதத்துக்குப் பெயர்க்கப்பட்டது. ஓர் உரைநூல் சென்ற தூரம் அது!

இஸ்லாமிய உலகில் விஞ்ஞானம் இமாம் ஃகஸ்ஸாலியோடு மடிந்தது என்னும் கூற்றும் இங்கு தகர்ந்துவிடுகின்றது. இமாமவர்கள் மறைந்தது கி.பி. 1111இல், மராகா எழுந்தது அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து. கணித ரீதியாக நிறுவப்பட்ட கிரகண விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்போர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கின்றனர் என்பது 'தஹாஃபுத்' முன்னுரையில் அவர் தெரிவித்த கருத்தாகும். நிறுவனங்களின் ஆயுளே இங்கு ஆராயப்பட வேண்டியது. உலூஃக் பேக் 1449இல் கொல்லப்பட்டபின் சமர்கந்து வானாய்வு நிலையம் நிலைக்கவில்லை. தகியுத்தீனுக்காக இஸ்தான்பூலில் எழுப்பப்பட்ட நிலையம், சில ஆண்டுகளிலேயே, 1580இல் இடிக்கப்பட்டது. ஆட்சியாளர் ஒருவரின் ஆதரவை மட்டும் நம்பிய அறிவு அவரோடு சரிந்தது. பள்ளிவாசலிலும் பாடநூலிலும் வேரூன்றிய அறிவு நீடித்தது.

எமது பங்கு

இந்த வரலாறு மீட்டெடுக்கப்பட்ட விதமும் சிந்தனைக்குரியது. பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெனடி, கணித வானியலின் வரலாற்றில் ஆழ்ந்த நியூகெபவர், பின்னர் ஸலீபா எனப் பலரின் கூட்டு முயற்சியில் அது வெளிவந்தது. ஒக்ஸ்போர்டில் பாதுகாக்கப்பட்டிருந்த ஆசிரியர் பெயரற்ற பிரதியொன்று உர்ழியுடையது என ஸலீபாவே இனங்கண்டார். அப்பிரதிகள் பல நூற்றாண்டுகளாக நூலகங்களில் இருந்தவைதாம். அறபு அறிந்தோர் கணிதம் அறிந்திருக்கவில்லை; கணிதம் அறிந்தோர் அறபு அறிந்திருக்கவில்லை.

இங்கு நான் என்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே பேச வேண்டும். தர்ஸே நிஸாமி பாடத்திட்டத்தில் 'ஷரஹ் சஃக்மீனி' என்னும் வானியல் நூல் இடம்பெற்றிருந்தது. நான் ஓதிய காலத்தில் அதன் சில பக்கங்களை இலக்கணப் பிரதியைப் போன்று சொல் பிரித்து வாசித்தோம். அதை எழுதிய காழிஸாதா அர்ரூமி சமர்கந்தில் வானத்தை அளந்துகொண்டே பாடம் நடத்தியவர் என்பதை எமக்கு எவரும் கூறவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வட்டமொன்றை வரைந்து பார்க்கவும் இல்லை. பின்னர் அந்நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டபோது எவரும் வருந்தவும் இல்லை.

அம்மாணவரின் வினாவுக்கு நான் அடுத்த பாடவேளையில்தான் விடையளித்தேன். தூஸியின் இரு வட்டங்களையும் கரும்பலகையில் வரைந்து, அப்புள்ளி ஏன் நேர்கோட்டில் செல்கின்றது என்பதை நிறுவுமாறு வகுப்பினரிடம் கூறினேன். அன்று எவராலும் இயலவில்லை. எனக்கும் இரு தடவைகள் பிழைத்து, மூன்றாம் தடவையே கைகூடியது. களவு பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை. நிறுவிக் காட்ட இயலாத ஒன்றை எமது உடைமை என உரிமை கோருவதிலுள்ள கூச்சத்தை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

அறிவைப் பயில்பவர் எவரோ அவரிடமே அது தங்குகின்றது. மராகாவின் வாரிசுரிமை இரத்தத்தாலோ பெயராலோ கிட்டுவதன்று. தொலமியை மதித்துக்கொண்டே அவரைக் கேள்விக்குட்படுத்திய அந்த ஒழுக்கத்தை மேற்கொள்வோருக்கே அது உரியது. கூனின் நூலையும் நாம் அவ்வாறே வாசிக்க வேண்டும்: கற்றுக்கொண்டு, பிழை கண்ட இடத்தில் திருத்திக்கொண்டு.