சுங்குடியின் சிவப்பு

மதுரைச் சுங்குடிச் சேலையின் பெருமையைப் பேசுவோர், சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளி நூல் சுற்றி ஆயிரக்கணக்கில் இடும் முடிச்சுகளின் நுணுக்கத்தையும், முடிச்சு அவிழ்ந்தபின் தோன்றும் வெண்புள்ளிகளின் அழகையும் வியந்து கூறுவரேயன்றி, அப்புள்ளிகளை எடுத்துக்காட்டி நிற்கும் ஆழ்ந்த அரக்குச் சிவப்பு எவ்வாறு உண்டாகிறது, அதனை உண்டாக்குபவரின் கைகளுக்கும் அவர் தெருச் சாக்கடைக்கும் அது என்ன செய்கிறது என்பவற்றை விசாரிப்பதில்லை.

ஒரு காலத்தில் அச்சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. நூலை எண்ணெயிலும் சாம்பற்காரத்திலும் பலமுறை தோய்த்து உலர்த்தி, நாள்கணக்கில் பாடுபட்டாலொழிய நிறம் பிடிக்காது. நிறத்தின் பொலிவுக்கு வைகை நீரின் விசேஷ குணமே காரணம் என்று ஊரார் நம்பினர். 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர், அவ்வேரில் உறையும் அலிசரின் என்னும் நிறப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் செயற்கை அலிசரின் சென்னை ராஜதானியில் சாயவேரின் இடத்தைப் பற்றிக்கொண்டது. இயற்கைச் சாயம் அமுதம், இரசாயனம் நஞ்சு என்று எளிதாகக் கோடு கிழிப்பவர்கள், வேரில் இருந்த அந்த அலிசரினும் பீனால் என்னும் இரசாயன இனத்தைச் சேர்ந்ததே என்பதைக் கருத வேண்டும்.

இன்று சாயப்பட்டறைகளில் வழங்கும் நாப்தால் என்னும் பொருளும் அவ்வினத்ததே. தண்ணீரில் எளிதில் கரையாத பீட்டா நாப்தால், காஸ்டிக் சோடா சேர்ந்த நீரில் கரைந்துவிடும். அக்கரைசலில் துணியைத் தோய்த்துப் பிழிந்து, நைட்ரைட்டும் அமிலமும் கொண்டு பக்குவம் செய்த ‘பேஸ்’ என்னும் அமீனின் கரைசலில் இட்டால், இரண்டும் பஞ்சிழைக்குள்ளேயே கூடி, நீரில் கரையாத ‘அசோ’ நிறமாகக் கணப்பொழுதில் மலர்கின்றன. 1880இல் இங்கிலாந்தின் ஹாலிடே நிறுவனத்தார் கண்ட முறை இது. பீட்டா நாப்தால் பருத்தியில் நன்றாகப் பற்றாது என்ற குறையை, 1912ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் தோன்றிய நாப்தால் ஏ.எஸ். போக்கியது.

சுங்குடிக்கு இதைவிடப் பொருத்தமான சாயம் கிடைப்பது அரிது என்றே சொல்வேன். கொதிக்கும் தொட்டியில் துணியைப் புரட்டினால் முடிச்சு நெகிழும்; முடிச்சுக்குப் பதில் மெழுகால் அச்சிட்டதாயின் மெழுகு உருகும். இதுவோ குளிர்ந்த நீரிலேயே நிறம் தருகிறது. விறகுச் செலவு குறைவு. சிவப்பும் அரக்கும் சாயவேர் எட்டாத பொலிவோடு அமைகின்றன. ஆனால் அக்குளிர்ச்சியே ஒரு நிபந்தனையுமாகும். நைட்ரைட் கலந்த கரைசலைப் பனிக்கட்டியிட்டுக் காக்காவிடில், சித்திரை வெயிலில் அது சிதைந்து நிறம் மங்கும். சோப்பிட்டு நன்கு அலசாத துணியில் மேலாக ஒட்டிய சாயம் உராய்வில் கழன்று ரவிக்கையிலும் படியும்.

இவை துணியின் குறைகள். மனிதருக்கு நேரும் கேடு வேறு. நாப்தால் கண்ணையும் தோலையும் எரிக்கும். நீரில் கலந்தால் மீன்களைக் கொல்லும். அதனினும் அபாயமானவை அதனோடு கூடும் அமீன்களுட் சில. 1895இல் பிராங்க்பர்ட் மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே மூத்திரப்பைப் புற்றுநோயைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பீட்டா நாப்தாலிலிருந்தே செய்யப்படும் பீட்டா நாப்தைலமீன் அந்நோயை விளைவிப்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. ‘ஃபாஸ்ட் கார்னெட் ஜி.பி.சி.’, ‘ஃபாஸ்ட் ஸ்கார்லெட் ஜி’ போன்ற பேஸ்களும் ஐரோப்பா விலக்கிய அமீன்களின் பட்டியலில் உள்ளவை. நம் அரசாங்கமும் 1990களில் பென்சிடின் வழிச் சாயங்களையும் வேறு பல அசோ சாயங்களையும் தடைசெய்தது. சட்டம் சாயத்தின் பெயரைப் பார்க்கிறது; கையுறையின்றி முழங்கை வரை தொட்டியில் தோய்ப்பவரின் தோலைப் பார்ப்பதில்லை. நாப்தால் சாயமிடும் பழக்கத்தின் பெருங்குற்றம் இதுவேயென்பது என் துணிபு.

அடுத்த குற்றம் கழிவுநீர். நொய்யலாற்றில் சாயக்கழிவு விட்ட திருப்பூர்ப் பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொல்லும் நிலை வந்தது. ஆண்டில் பல மாதம் மணலாய்க் கிடக்கும் வைகையில், விழுந்த சாயத்தை அடித்துச் செல்ல வெள்ளமில்லை. அது மண்ணுள் இறங்கிக் கிணற்றைச் சேர வழியுண்டு. சிறு பட்டறைக்காரர் தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வல்லவரல்லர். பல பட்டறைகளுக்கும் பொதுவாக ஒன்றை அமைத்துத் தருவது அரசினர் கடமை.

நாப்தாலை விலக்கிச் சாயவேருக்குத் திரும்புவோம் என்னும் கூற்றை நான் ஏற்கவில்லை. அதனால் சேலையின் விலை ஏறிச் சாமானியரின் கைக்கு எட்டாது போகும். தீய அமீன் தராத பேஸ்களைத் தேர்தல், அளவறிந்து கரைத்தல், கையுறை அணிதல், கழிவைத் தெருவில் விடாமை ஆகிய நான்கும் பட்டறைகளில் நடைமுறையாக வேண்டும். சுங்குடி வாங்கும் அன்பர்கள் சாயம் போகுமா என்று கேட்பதோடு நில்லாது, எந்தப் பேஸில் தோய்த்தது என்றும் கடைக்காரரைக் கேட்க வேண்டுகிறேன்.