பகடையும் வாளும்

வாள் சண்டை நிஜம்போல் இருக்க வேண்டுமா, சினிமாபோல் இருந்தால் போதுமா என்று என் அக்காள் மகனும் அவன் சிநேகிதர்களும் ஓர் இரவு தொடங்கிய வாதம் பால்காரர் வரும்வரை நீடித்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு அது. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என்னை மத்தியஸ்தத்துக்கு அழைத்தார்கள்.

இந்த வகைக்கு மூலநூல், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதில் பாத்திரத்துக்கு உயிர்ப் புள்ளிகள் உண்டு. அடி விழ விழக் குறையும். அறுபது புள்ளி உள்ள வீரனை, அதிகபட்சம் எட்டுப் புள்ளி பறிக்கும் வாளால் எட்டு முறையாவது வெட்ட வேண்டும். ஏழு வெட்டு வாங்கியவனும் பழைய தெம்போடு வாள் வீசுவான். புள்ளி என்பது சதையை மட்டுமல்ல, சாமர்த்தியத்தையும் அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக் குறிக்கும் என்று 1979-ல் கைகாக்ஸ் சமாதானம் எழுதினார். கெட்டிக்காரத்தனமான சமாதானந்தான். ஆனால் 1978-ம் வருஷத்து விதிப் புத்தகத்தில், நீண்ட கம்பில் இரும்பு செருகிய ஆயுதங்களையே ஒரு டஜனுக்கு மேல் பிரித்துக் காட்டியவர், வெட்டுப்பட்டவன் நொண்டுவானா என்று கேட்கவில்லையே!

கேட்டவர்கள் இருந்தார்கள். 1978-ல் ‘ரூன்குவெஸ்ட்’ எழுதிய ஸ்டீவ் பெர்ரின், பிரம்பு வாள் பிடித்துத் தாமே சண்டையிட்டுப் பழகியவர். அவருடைய விதிகளில் தலைக்கும் காலுக்கும் தனித்தனிப் புள்ளி. அடியைத் தடுப்பதற்கும் தனிப் பகடை. 1986-ல் வந்த ‘ஃபீனிக்ஸ் கமாண்ட்’ இந்த வழியில் எல்லைக்கே போயிற்று. ஒரு துப்பாக்கிக் குண்டு பாய்வதற்குள் பட்டியல் பட்டியலாகப் புரட்ட வேண்டும். குண்டின் வேகம் ஒன்றுதான் அங்கே காணோம்.

எதிர்க்கட்சியின் சிறந்த நூல் ராபின் லாஸ் 1996-ல் எழுதிய ‘ஃபெங் ஷுய்’. ஹாங்காங் சண்டைப் படங்களே அதற்கு உலகம். பெயரில்லாத அடியாள் ஒரே அடியில் விழுவான். பெயருள்ள வில்லன் கடைசிவரை தாங்குவான். துப்பாக்கியைச் சத்தம் வரும்படி இழுத்துவிட்டுச் சுட்டால் அடி கூடுகிறது! நான் வாய்விட்டுச் சிரித்தேன். தான் சினிமா என்பதை ஒளிக்காத விதிமேல் எனக்கு மனஸ்தாபம் இல்லை.

பையன்கள் மறந்த விஷயம் ஒன்று உண்டு. காயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வாள் உறையிலிருந்து வெளிவரும் கணத்தைப் பற்றிப் பேசவில்லை. ஜேக் நார்வுட் 2002-ல் எழுதிய ‘தி ரிடில் ஆஃப் ஸ்டீல்’ அந்தக் கணத்தைப் பிடித்திருக்கிறது. கையிலுள்ள பகடைகளைத் தாக்குவதற்கு இத்தனை, தடுப்பதற்கு இத்தனை என்று பிரிக்க வேண்டும். காயம்பட்டால் வலி பகடைகளைக் குறைக்கும். ஆனால் பாத்திரம் தன் பாசத்துக்காகவோ நம்பிக்கைக்காகவோ போரிட்டால் பகடைகள் கூடும்.

முதல் வாரம் பழைய விதிப்படி எட்டுப் பேர்மேல் யோசிக்காமல் பாய்ந்த என் மருமான், அடுத்த வாரம் இந்த விதிப்படி ஒரு பாலத்துக் காவலன் எதிரே பகடையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். “பேசிப் பார்க்கலாமா, மாமா?” என்றான். பாலத்துக்கு அப்பால் தன் தம்பி சிறைப்பட்டிருப்பதாகத் தெரிந்த பிறகே வாளை உருவினான். அந்தத் தயக்கத்தைத்தான் நான் யதார்த்தம் என்கிறேன்.

அதற்கும் விலை உண்டு. அன்றைக்கு முதல் வெட்டிலேயே பாத்திரத்தைப் பறிகொடுத்த பையன், மிச்ச நேரமெல்லாம் முறுக்கைக் கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். விளையாட வந்தவனை வேடிக்கை பார்க்க வைப்பது விதியின் குறைதான், மறைக்க முடியாது.

இவ்வளவு சொல்கிற நானே ஒரு நாவலில் அரிவாளின் நீளம், இரும்பின் ஜாதி எல்லாம் கொல்லனிடம் விசாரித்து எழுதினேன். வெட்டுப்பட்டவனை மட்டும் மூன்று பக்கம் வசனம் பேச விட்டேன். “அரிவாள் நிஜம், ஆள்தான் பொய்” என்று ஒரு வாசகர் கார்டு போட்டார். கைகாக்ஸைக் குறை சொல்லும்போதெல்லாம் அந்தக் கார்டு எனக்கு நினைவு வருகிறது.