பிசைவதில் முதல் ரேங்க்

பிரெட் மெஷின் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை புரோகிராம் இருக்கணும்?' பன்னிரண்டா, பத்தொன்பதா? ஜாம்கூடக் கிண்டுமாமே? விடுங்கள் சார். மூன்றாவது மாதத்திலிருந்து நீங்கள் அழுத்தப் போவது இரண்டே பட்டன்தான்.

பார்க்க வேண்டியது வேறு. 1980-களின் நடுவில், ஜப்பானின் மாட்சுஷிடா கம்பெனி (இன்றைய பானாசோனிக்) இந்த மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ரொட்டி வெளியே கருகும், உள்ளே வேகாது. மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. இகுகோ தனாகா என்ற பெண், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டி மாஸ்டரிடம் போய்க் கைவேலை பழகினார். மனுஷர் சும்மா பிசையவில்லை, இழுத்து முறுக்குகிறார் என்று தெரிந்தது. அந்த முறுக்கலுக்காகப் பாத்திரத்தின் உட்புறம் வரிவரியாக மேடு வைத்தார்கள். 1987-ல் மெஷின் கடைக்கு வந்தது.

ஆகவே கடையில் பட்டனைப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து, பாத்திரத்தையும் அடியில் சுழலும் துடுப்பையும் பாருங்கள். அவை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. துடுப்பின் பூச்சு உரிந்தபோது வந்த பதில்: 'புதுசாவே வாங்கிடுங்க சார்.' தேய்மானம் பற்றி பி.காமில் மூன்று வருஷம் படித்தவனுக்கு இது தேவைதான்.

என் மார்க்: பிசைவதற்கு 90. சுடுவதற்கு 55. பெரும்பாலான மெஷின்களில் மூடியில் சூடு கிடையாது. மேல்பக்கம் சோகையாக வெளுத்திருக்கும். அடியில் துடுப்பு பண்ணின ஓட்டை. 'ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்' என்கிற விளம்பரத்தை நம்பித் தூங்கினீர்களானால், வெந்த ரொட்டி பாத்திரத்திலேயே வேர்த்து, தோல் தொளதொளவென்று ஆகிவிடும். தவிர, பால், முட்டை சேர்த்த மாவை ராத்திரி முழுக்க வெளியே வைப்பது ஆபத்து.

தூங்காதீர்கள். ஐந்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள், ஒன்றும் ஆகாது. மாவு பந்தாகத் திரண்டிருக்க வேண்டும். சுவரில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு, உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். கோதுமை மாவு மைதாவைவிட அதிகமாகக் குடிக்கும்.

எங்கள் வீட்டில் பிரெட் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் அம்மா சப்பாத்தி மாவுக்கு ஓட்டுகிறார். மணிக்கட்டு வலியில் சப்பாத்தியையே விட்டிருந்தவர். மாவை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ''பரவால்ல... இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டிருக்கலாம்'' என்கிறார், தினமும்.