ஈரத்தின் கணக்கு

நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் வந்திறங்கும் கோவாவின் புறவிதழ்களும் லீக்ஸின் தழைகளும், 1999இல் தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் லொறிச் சக்கரங்களின் கீழ் நசுங்கிச் சாறு வடியக் கிடப்பதைக் காண்போர், இவற்றையும் நகரத்து மலக்கசட்டையும் ஒருங்கே வாயுவாக்கி மின்சாரம் எடுத்தாலென்ன என்று எண்ணுவது இயல்பே.

எரிபொருளைக் குறைந்த காற்றில் சூடாக்கி, காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த எரிவாயுவாக மாற்றும் இம்முறையின் பெருமையைக் குறைத்துரைப்பது நியாயமன்று; கொதிகலனும் நீராவிச் சுழலியுமின்றி, விறகைக்கொண்டே சிறியதோர் எஞ்சினை ஓட்டலாம் என்பது கிராமங்களுக்குப் பெரும் உபகாரம். இரண்டாம் உலக யுத்த காலத்தில், பெற்றோல் அருகிய சுவீடனில், வாகனங்கள் பல விறகு வாயுவினாலேயே ஓடின.

நீரும் இங்கே முற்றிலும் பகையன்று. சிவந்த கரியோடு நீராவி சேருமிடத்து ஐதரசன் பிறக்கிறது. ஆனால் அவ்வினை வெப்பத்தை உறிஞ்சுவதாகையால், ஈரம் மிகுந்த எரிபொருளை இட்டால், 1,000 பாகை செல்சியஸ் அளவில் நின்று தாரைச் சிதைக்கவேண்டிய உலையின் கழுத்துப் பகுதி குளிர்ந்துபோக, சிதையாத தார் வாயுவோடு வெளியேறி எஞ்சினின் வால்வுகளிற் பிசின்போல் ஒட்டிக்கொள்கிறது. வாயு கீழ்நோக்கிச் செல்லும் சிறு உலைகள் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரத்தைப் பொறுப்பதில்லை என்பது இதனாலேயே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் கிலோ கோவாக் கழிவில் நீரே ஏறக்குறைய 900 கிலோ. எஞ்சிய 100 கிலோவிலிருந்து, தாராளமாக மதித்தாலும், 1,600 மெகாயூல் வெப்பமே கிடைக்கும். நீரை ஆவியாக்கவோ 2,100 மெகாயூலுக்கு மேல் வேண்டும். எரித்துப் பெறுவதிலும் உலர்த்தச் செலவிடுவது அதிகமென்றால், அங்கே மின்சாரத்துக்கு இடமேது? இயந்திரத்தாற் பிழிந்த பின்னும் மலக்கசட்டில் 80 சதவீதம் நீர் நிற்கிறது. அதன் உலர்பொருளிலும் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ சாம்பலாய் எஞ்சி, உருகி இறுகி, உலையின் அடியை அடைத்துவிடவும் கூடும்.

உலர்ந்த விறகோடு கலந்தால் தீரும் என்பாரும் உளர். கலப்பதனாற் சராசரி ஈரம் குறைகிறதேயன்றி, நீர் ஒரு துளியும் குறைவதில்லை. விறகு ஈட்டிய வெப்பத்தைச் சேறு உண்ணுகிறது.

உலர்வலயத்தின் வெயில் இக்கணக்கை மாற்றவல்லது என்பதை மறுக்கமுடியாது. 2005இல் இந்நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்ட சீமைக்கிளுவையின் கிளைகள், வெட்டியபோது பாதியளவு நீர் கொண்டிருப்பினும், சிறு துண்டுகளாக நறுக்கிக் காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் அடுக்கினால் சில வாரங்களில் உலைக்குத் தகுதிபெறும். கோவா இதழோ உலருமுன் அழுகும். வடகீழ்ப் பருவமழையில் விறகும் மீண்டும் ஈரத்தை ஏற்கும். எஞ்சினின் வீண் வெப்பத்தை உலர்த்தலுக்குத் திருப்பாத திட்டம் மார்கழியில் முடங்கியே தீரும்.

ஆகவே காய்கறிக் கழிவை, நீரை விரட்டவே தேவையில்லாத சாண எரிவாயுக் கலன்களிடம் ஒப்படைப்பதே முறை. மலக்கசட்டை வெயிற் படுகைகளில் நன்கு உலர்த்திய பின், சிறு பங்காக மட்டுமே உலையில் அனுமதிக்கலாம். வாயு உலைக்குப் பணம் ஒதுக்குவோர், முதலில் உலர்த்தும் கொட்டகைக்கு ஒதுக்கவேண்டும்.